யாழ்ப்பாணத்தில் இருந்து ஃபெயர்ஃபோர்ட் வரை: யூ-2 உளவு விமானத்தைக் கண்ணால் பார்க்க ஒரு வழிகாட்டி

நான் இரண்டு தடவை விசாவுக்குப் போட்டேன். முதல் தடவை மறுத்துவிட்டார்கள். இரண்டாம் தடவை கிடைத்தது. இங்கிலாந்துக்குப் போய் ஒரு விமானப்படைத் தளத்தின் வேலிக்கு வெளியே நான்கு நாள் நின்றேன். மூன்று நாள் ஒன்றும் வரவில்லை. நான்காம் நாள் பின்னேரம் யூ-2 வந்து இறங்கியது. அந்த ஒரு பின்னேரத்துக்காக நான் மினக்கெட்டது ஒன்றரை வருடம். அதில் ஒரு வருடம் முழுக்க வீண். விவரம் தெரிந்த ஒருவர் அரை மணித்தியாலம் இருந்து சொல்லியிருந்தால் அந்த வருடம் மிஞ்சியிருக்கும். யாழ்ப்பாணத்தில் இருந்து இதே ஆசையோடு வெளிக்கிடுகிற உங்களுக்கு அந்த அரை மணித்தியாலம்தான் இந்தக் கட்டுரை.

1. எதைப் பார்க்கப் போகிறீர்கள்

யூ-2 பறப்பது 70,000 அடிக்கு மேலே. 21 கிலோமீட்டருக்கு மேல். யாழ்ப்பாணம் பஸ் நிலையத்தில் இருந்து பலாலி வரைக்கும் உள்ள றோட்டை நிமிர்த்தி வானத்தை நோக்கி வைத்தாலும் அதன் வயிற்றைத் தொடாது. நாங்கள் ஏறிப் போகும் பயணிகள் விமானம் 35,000 முதல் 40,000 அடி வரையில்தான் போகிறது. ஆகவே அது பறந்துகொண்டிருக்கும்போது அண்ணாந்து தேடிப் பிரயோசனமில்லை. புறப்படும்போது சில நிமிடம், இறங்கும்போது சில நிமிடம், அவ்வளவுதான் எங்களுக்குக் கிடைக்கும். தளத்தடிக்கே போகவேண்டும் என்பது அதனால்தான்.

இவற்றின் சொந்த இடம் அமெரிக்காவில், கலிபோர்னியாவின் பீல் விமானப்படைத் தளம். அங்கிருந்து சைப்பிரசில் உள்ள அக்ரோத்திரி, தென் கொரியாவின் ஓசான், இங்கிலாந்தின் ஃபெயர்ஃபோர்ட் போன்ற தளங்களுக்கு வந்து போகின்றன. எங்களுக்குச் சரிவருவது ஃபெயர்ஃபோர்ட்தான். காரணம் எளிது. லண்டனில் ஒரு மாமியோ சித்தப்பாவோ இல்லாத வீடு யாழ்ப்பாணத்தில் குறைவு. தங்க இடம் கிடைத்தால் செலவில் பாதி போய்விடும்.

ஒன்றை முதலிலேயே மனதில் போட்டுக்கொள்ளுங்கள். ஃபெயர்ஃபோர்ட்டில் யூ-2 நிரந்தரமாக நிற்பதில்லை. சில கிழமை நிற்கும், பிறகு போய்விடும். எப்போது வரும் என்று யாரும் அறிவிப்பதில்லை. அமெரிக்க விமானப்படை இந்த விமானங்களுக்கு ஓய்வு கொடுக்கவும் திட்டமிட்டு வருகிறது. எனவே அடுத்த வருடம், அதற்கு அடுத்த வருடம் என்று தள்ளிப்போடாதீர்கள்.

2. ஊரில் இருந்தே பழகுங்கள், ஆனால் பலாலியில் வேண்டாம்

பலாலி, பயணிகள் விமான நிலையமும் விமானப்படைத் தளமும் ஒன்றாக இருக்கும் இடம். கமராவோடு அந்த வேலிப்பக்கம் போகவே வேண்டாம். படம் எடுக்கத் தடை என்று பலகை போட்டிருக்கும் இடத்தில் 'பழகிப் பார்க்கிறேன்' என்று சொன்னால் யாரும் கேட்கப் போவதில்லை. ஒரு பொலிஸ் பதிவு விழுந்தால் பிறகு விசாப் படிவத்திலும் அது வந்து நிற்கும்.

ஓடுகிற பொருளைக் கமராவால் பின்தொடர்ந்து எடுக்கப் பழகுவதற்கு எங்கள் ஊரில் வேறு நல்ல இடங்கள் உண்டு. தைப்பொங்கல் அன்று வல்வெட்டித்துறைக் கடற்கரையில் ஏறும் பட்டங்களை எடுங்கள். செம்மணிப் பக்கம் பருந்து வட்டமிடுவதை எடுங்கள். பருந்துதான் சிறந்த பயிற்சி. யூ-2 சிறகு அடிக்காமல் மிதக்கும் பருந்து மாதிரியேதான் இறங்குகிறது. உடம்பு 19 மீற்றர், இறக்கை நுனிக்கு நுனி ஏறத்தாழ 32 மீற்றர்.

அடுத்தது தேடிப் பழகுவது. விமானங்களின் இருப்பிடத்தைக் காட்டும் செயலிகளில் பலர் பாவிப்பது பிளைட்ரேடார்24. ஆனால் அதில் இராணுவ விமானங்கள் பல மறைக்கப்படும். ஏடிஎஸ்-பி எக்ஸ்சேஞ்ச் என்ற இணையத்தளம் மறைப்பதில்லை. அதில் விமான வகையால் வடிகட்டும் வசதி உண்டு. யூ-2 என்பதற்கு 'யூ2'. வேறு உளவு விமானங்களான ஆர்சி-135 என்பதற்கு 'ஆர்135', ஆளில்லாத குளோபல் ஹோக்குக்கு 'கியூ4'. இவற்றை ஆங்கில எழுத்தில் கோடு போடாமல் அடிக்கவேண்டும். நான் விசா கிடைக்கும் வரைக்கும் தினமும் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு பத்து நிமிடம் இதைப் பார்த்து, எந்தக் கிழமையில் ஃபெயர்ஃபோர்ட்டில் நடமாட்டம் இருந்தது என்று ஒரு கொப்பியில் எழுதி வைத்தேன். அந்தக் கொப்பிதான் பிறகு பெரிய உதவியாக இருந்தது.

ஒரு எச்சரிக்கை. திரையில் காணவில்லை என்றால் விமானம் பறக்கவில்லை என்று அர்த்தமில்லை. இருப்பிடம் காட்டும் சமிக்ஞையை நிறுத்திவிட்டும் பறப்பார்கள்.

வேறு ஒன்றும் சொல்லவேண்டும். எங்கள் ஊரில் வேவு விமானத்துக்கு 'வண்டு' என்று பெயர். வண்டு சுற்றுகிறது என்றால் அடுத்தது என்ன வரும் என்று சின்னப்பிள்ளைக்கும் தெரியும். அந்த இரைச்சலைக் கேட்டுப் பங்கருக்குள் இருந்த பிள்ளைகளில் நானும் ஒருவன். மேலே நிற்பது என்ன, அதற்கு எங்களைத் தெரிகிறதா என்ற கேள்வி அப்போதே தொடங்கியது, இன்னும் போகவில்லை. இந்த ஆர்வத்தை வீட்டில் விளக்கப்போனால் 'இன்னும் காணாதா' என்று அம்மா கேட்பார். கேட்கட்டும். ஒரு வேவு விமானத்தைப் பயமில்லாமல் நின்று பார்க்க விரும்புவதில் பிழை ஒன்றுமில்லை.

3. எந்த மாதம்

ஜூன், ஜூலை. இரண்டு காரணம் உண்டு.

யூ-2 ஒரு தடவை ஏறினால் ஒன்பது, பத்து மணித்தியாலம் கூட மேலே நிற்கும். காலையில் ஏறினால் பின்னேரம்தான் திரும்பும். இங்கிலாந்தில் ஜூன் மாதத்தில் இரவு ஒன்பதரை மணிக்கும் வெளிச்சம் இருக்கும். மார்கழியில் நாலு மணிக்கே இருட்டு. குளிர்காலத்துக்கு டிக்கெட் மலிவு என்று போய், இருட்டில் இரண்டு விளக்கு இறங்குவதை மட்டும் பார்த்துவிட்டு வருவதில் என்ன இருக்கிறது?

இரண்டாவது, ஜூலையில் ஃபெயர்ஃபோர்ட்டிலேயே பெரிய இராணுவ விமானக் கண்காட்சி நடக்கும். றோயல் இன்ரநெஷனல் எயார் ரற்று என்று பெயர். வெள்ளி முதல் ஞாயிறு வரை. டிக்கெட் முன்கூட்டியே இணையத்தில் வாங்கவேண்டும், வாசலில் விற்கமாட்டார்கள். யூ-2 வரும் என்று நம்பி வாங்காதீர்கள். ஆனால் தளத்துக்கு உள்ளேயே போய் நின்று பார்க்கச் சட்டப்படி உங்களுக்குள்ள ஒரே வழி இதுதான். கண்காட்சி நாட்களில் சுற்றியுள்ள சின்ன றோட்டுகளை மூடிவிடுவார்கள் என்பதையும் கணக்கில் எடுங்கள். வேலியோரம் நிற்க நினைப்பவர்கள் அந்தக் கிழமையை விட்டுவிட்டுத் தேதி போடுங்கள்.

4. விசா

பெரும்பாலானவர்கள் விழுவது இங்கேதான், நான் விழுந்ததும் இங்கேதான். அதனால் இதை ஆறுதலாகச் சொல்கிறேன்.

உங்களுக்குத் தேவை சாதாரண வருகை விசா. ஆறு மாதத்துக்கு உட்பட்டது. கட்டணம் 2025 ஏப்ரலில் 127 பவுணாக இருந்தது. ஒரு பவுணை 400 ரூபாய்க்குக் கிட்ட என்று பிடித்தால் 50,000 ரூபாய்க்கு மேல். ஏப்ரல் மாதத்தில் கட்டணம் மாறுவது வழக்கம், எனவே கட்டும் நாளில் பிரித்தானிய அரசின் தளத்தில் ஒருதடவை பாருங்கள். மறுத்தால் இந்தக் காசு திரும்ப வராது.

பயணத் தேதிக்கு மூன்று மாதத்துக்கு முன்னர் விண்ணப்பிக்க முடியாது. முடிவு வர வழக்கமாக மூன்று கிழமை. கோடைகாலத்தில் கூட்டம் அதிகம். ஜூன் கடைசியில் போவதென்றால் ஏப்ரல் முதற் கிழமையில் படிவத்தை நிரப்பி, கொழும்பில் கைவிரல் அடையாளம் கொடுப்பதற்கு நேரம் எடுங்கள். அதற்கு நீங்கள் நேரில் போகவேண்டும். முதல் நாள் இரவு பஸ் ஏறினால் விடியக் கொழும்பில் இருக்கலாம், ஆனால் தூக்கமில்லாமல் போய் வரிசையில் நின்று தாள்களைத் தவறவிட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். முடிந்தால் ஒருநாள் முன்பே போய்த் தங்குங்கள். கடவுச்சீட்டு இன்னும் எடுக்காதவர்களுக்கு ஒரு நல்ல செய்தி, 2025 செப்டெம்பரில் இருந்து யாழ்ப்பாணக் கச்சேரியிலேயே அதற்கான அலுவலகம் இருக்கிறது. வவுனியாவுக்கோ பத்தரமுல்லைக்கோ அலையவேண்டாம்.

இனி என் பிழை. முதல் தடவை ஒரு முகவரிடம் கொடுத்தேன். 'வங்கியில் காசு காணாது, நான் 15 இலட்சம் போடுகிறேன், விசா வந்ததும் எடுத்துவிடுவோம்' என்றார். நான் தலையாட்டினேன். ஆறு மாத வங்கிக்கூற்றில் ஐந்தரை மாதம் என் சம்பளம் மட்டும், கடைசி இரண்டு கிழமையில் திடீரென்று 15 இலட்சம். பயண நோக்கம் என்ற இடத்தில் வெறும் 'சுற்றுலா' என்று போட்டிருந்தார், எங்கே, எத்தனை நாள், என்ன செலவு ஒன்றும் இல்லை. மறுப்புக் கடிதத்தில் அந்தக் காசு எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை, நான் உண்மையான வருகையாளன் என்று நம்பமுடியவில்லை என்று எழுதி, விதி இலக்கம் வி 4.2 என்று போட்டிருந்தார்கள். அந்தக் கடிதத்தை நான் பத்துத் தடவையாவது வாசித்திருப்பேன். அவர்கள் சொன்னதில் ஒரு வரி கூடப் பிழையில்லை.

இரண்டாம் தடவை நானே நிரப்பினேன். வங்கியில் இருந்ததை இருந்தபடி காட்டினேன். 'தங்குவது மாமி வீட்டில், விமானங்களைப் பார்ப்பது என் பொழுதுபோக்கு, இன்ன அருங்காட்சியகத்துக்கும் ஃபெயர்ஃபோர்ட் பக்கமும் போவேன், மொத்தம் 16 நாள், செலவு இவ்வளவு' என்று ஒரு பக்கக் கடிதம் எழுதினேன். 'உளவு விமானம் பார்க்கப் போகிறேன் என்று எழுதினால் சந்தேகப்படுவார்கள், வேண்டாம்' என்று நண்பர்கள் தடுத்தார்கள். மறைத்து எழுதி, விமான நிலையத்தில் பெரிய லென்ஸோடு பிடிபட்டு வேறு கதை சொல்வதை விட இது எவ்வளவோ மேல். முதல் மறுப்பையும் மறைக்காமல் குறிப்பிட்டேன். படிவத்தில் அதைக் கேட்பார்கள், மறைத்தால் அதுவே அடுத்த மறுப்புக்குக் காரணமாகும்.

நான் கொண்டுபோன தாள்கள்:

கடவுச்சீட்டு, பழையது இருந்தால் அதுவும்.
ஆறு மாத வங்கிக்கூற்று, அதே மாதங்களின் சம்பளத் தாள்கள். இரண்டும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவேண்டும்.
வேலைத்தலத்தின் கடிதம்: என்ன வேலை, என்ன சம்பளம், எந்தத் தேதியில் இருந்து எந்தத் தேதி வரை விடுமுறை, எப்போது திரும்ப வேலைக்கு வரவேண்டும்.
மாமியின் அழைப்புக் கடிதம், அவருடைய கடவுச்சீட்டுப் பிரதி, வீட்டு முகவரிக்கு ஒரு கட்டணச் சீட்டு. செலவை அவர் ஏற்பதாகச் சொன்னால் அவருடைய வங்கிக்கூற்றும் சம்பளத் தாளும்.
ஊருக்குத் திரும்பி வருவீர்கள் என்பதற்கு ஆதாரம்: காணி உறுதி, திருமணப் பதிவு, பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ்.
கிராம அலுவலர் தரும் வதிவிடச் சான்றிதழ், பிரதேச செயலாளரின் மேலொப்பத்தோடு.

தமிழில் உள்ள எதையும் அப்படியே வைக்காதீர்கள். உறுதி, பிறப்புச் சான்றிதழ் எல்லாம் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் கொடுத்து ஆங்கிலத்தில் எடுக்கவேண்டும். மொழிபெயர்ப்பாளரின் பெயர், கையொப்பம், தேதி, தொடர்பு விவரம், இது சரியான மொழிபெயர்ப்பு என்ற உறுதிமொழி அத்தனையும் இருக்கவேண்டும். பழைய உறுதிகள் பத்துப் பன்னிரண்டு பக்கம் வரும், பக்கத்துக்கு இவ்வளவு என்று காசு. ஆட்களின் பெயர் ஆங்கிலத்தில் எப்படி எழுதப்படுகிறது என்பதைக் கடவுச்சீட்டோடு ஒப்பிட்டு வடிவாகப் பாருங்கள். எங்கள் பெயர்கள் ஒவ்வொரு தாளிலும் ஒவ்வொரு எழுத்துக்கூட்டலில் கிடக்கும். என் தகப்பனாரின் பெயர் மூன்று விதமாக இருந்தது. ஒரு சத்தியக்கடதாசி முடித்து வைத்தேன்.

தேவையில்லாதவை: ஆறு மாதத்துக்கு உட்பட்ட வருகைக்குக் காசநோய்ப் பரிசோதனை வேண்டாம், யாராவது கேட்டால் காசு கொடுக்காதீர்கள். விசா வருமுன் விமான டிக்கெட்டை வாங்கிக் கட்டிவிடவும் வேண்டாம், பயணத் திட்டம் போதும். விண்ணப்பிக்கும்போது குறுஞ்செய்தி, விரைவுச் சேவை என்று மேலதிகமாகச் சில சேர்க்கப் பார்ப்பார்கள். அவற்றை எடுப்பதும் விடுவதும் உங்கள் விருப்பம். அவை இல்லாததால் விசா மறுக்கப்படாது.

5. போவதும் தங்குவதும்

கொழும்பில் இருந்து ஹீத்ரோவுக்கு நேரடி விமானம் ஏறத்தாழ 11 மணித்தியாலம். ஜூலைக் கடைசியில் அங்கே பள்ளி விடுமுறை தொடங்கும், விலை ஏறும். நான் ஜூன் நடுவில் போனேன், இரண்டரை இலட்சத்துக்குக் கொஞ்சம் மேலே முடிந்தது. பலாலியில் இருந்து சென்னை போய் அங்கிருந்து லண்டன் போனால் கொழும்புப் பயணம் மிச்சம் என்று ஒரு கணக்கு எல்லாருக்கும் வரும். இரண்டும் தனித்தனி டிக்கெட் என்றால் சென்னையில் வெளியே வந்து பயணப்பொதியை எடுத்துத் திரும்பப் போடவேண்டும், அதற்கு இந்திய விசா வேண்டும். அதையும் கூட்டிப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

மாமி வீடு ஹரோவிலோ ஈஸ்ட்ஹாமிலோ ரூட்டிங்கிலோ இருக்கட்டும், அங்கிருந்து தினமும் போய் வரலாம் என்று நினைக்காதீர்கள். காரில் இரண்டு மணித்தியாலத்துக்கு மேல். எம்4 நெடுஞ்சாலையில் போய் ஸ்விண்டனடியில் ஏ419 எடுக்கவேண்டும். ரயிலில் என்றால் பாடிங்டனில் இருந்து ஸ்விண்டன் ஒரு மணித்தியாலம், அங்கிருந்து ஏறத்தாழ 20 கிலோமீட்டர். பஸ் குறைவு. ஒருவழிக்கு டாக்சியில் 45 பவுண் கேட்டார்கள். நான் இரண்டு நாள் போய் வந்து களைத்து, பிறகு ஸ்விண்டனில் மலிவான அறை ஒன்று எடுத்தேன். முதல் நாளே அதைச் செய்திருக்கவேண்டும்.

எங்கள் இலங்கைச் சாரதி அனுமதிப்பத்திரத்தோடு வருகையாளர் அங்கே 12 மாதம் வரை ஓடலாம். இடப்பக்க ஓட்டம்தான், பழகத் தேவையில்லை. ஆனால் சித்தப்பா 'என்ர காரைக் கொண்டு போ' என்று சாவியைத் தந்தால் உடனே வாங்கிவிடாதீர்கள். அங்கே காப்புறுதி காருக்கு மட்டுமில்லை, ஓடும் ஆளின் பெயருக்கும்தான். உங்கள் பெயர் அதில் இல்லாமல் பொலிஸ் மறித்தால் காரையும் எடுத்துவிடுவார்கள், அவருக்கும் கரைச்சல். நாட்கணக்கில் எடுக்கக்கூடிய தற்காலிகக் காப்புறுதி உண்டு. வெளிநாட்டு அனுமதிப்பத்திரத்தை ஏற்காத நிறுவனங்களும் உண்டு, எனவே ஊரில் இருக்கும்போதே பார்த்து வையுங்கள்.

6. எங்கே நிற்பது

ஓடுபாதை கிழக்கு மேற்காகக் கிடக்கிறது. மூன்று கிலோமீட்டருக்குச் சற்றுக் கூடுதல். மேற்கு முனைக்குக் கிட்ட மார்ஸ்டன் மெய்சி என்ற கிராமம். கிழக்கு முனைப் பக்கம் கெம்ஸ்ஃபோர்ட், வெல்ஃபோர்ட். இந்த இரண்டு முனையில் எது என்பதைக் காற்றுத்தான் தீர்மானிக்கும்.

பட்டம் ஏற்றிய ஆட்களுக்கு இதை விளக்கவேண்டியதில்லை. விமானம் காற்றுக்கு எதிராகத்தான் இறங்கும். கச்சான் (மேற்குக் காற்று) அடித்தால் விமானம் கிழக்கில் இருந்து வரும், கெம்ஸ்ஃபோர்ட் பக்கம் நில்லுங்கள். கொண்டல் (கிழக்குக் காற்று) அடித்தால் மேற்கில் இருந்து வரும், மார்ஸ்டன் மெய்சிக்குப் போங்கள். அங்கே பெரும்பாலான நாட்களில் மேற்கும் தென்மேற்கும்தான், எங்கள் கச்சானும் சோளகமும் மாதிரி. காலையில் காற்றைப் பார்த்துவிட்டு வெளிக்கிடுங்கள், மத்தியானம் திரும்பப் பாருங்கள். குறுக்குக் காற்று பலமாக இருந்தால் அன்று யூ-2 ஏறுவதே சந்தேகம். அந்த நீண்ட இறக்கையைக் குறுக்குக் காற்று தூக்கிவிடும்.

ஏறுவதைப் பார்க்க ஓடுபாதையின் மறுமுனைக்குப் போய் நிற்பது புதியவர்கள் விடும் பிழை. யூ-2 கொஞ்சத் தூரம் ஓடியதுமே செங்குத்தாகக் கிளம்பிவிடும். மறுமுனைக்கு மேலே வரும்போது அது ஒரு சின்னக் கறுப்புச் சிலுவை. அது ஓட்டத்தைத் தொடங்கும் பக்கம்தான் நல்லது.

வயல்களுக்குள் கால் வைக்காதீர்கள். திறந்து கிடந்தாலும் ஒருவருடைய காணி. ஒடுங்கிய கிராமத்து றோட்டில், எதிரே வரும் வாகனத்துக்கு வழிவிடுவதற்காக அகலமாக்கிய இடங்களில் காரை நிறுத்தாதீர்கள். உழவு இயந்திரம் வந்து மாட்டினால் ஊரே உங்களைத் திட்டும், அடுத்த தடவை வருகிறவர்களுக்கும் இடமிருக்காது. சாப்பாடு கட்டிக்கொண்டு போங்கள், பக்கத்தில் கடை கிடையாது. மாமி கட்டித் தந்த புட்டும் இடிசம்பலும் பின்னேரம் வரை தாங்கியது. ஜூன் என்றாலும் மழைச் சட்டை கட்டாயம்.

7. பொலிஸ் வந்தால்

வரும். தளத்தைச் சுற்றி ஓடும் பாதுகாப்பு அமைச்சின் பொலிஸ் வாகனம் ஒரு நாளில் ஒரு தடவையாவது உங்களைக் கடக்கும். 2024 நவம்பரில் ஃபெயர்ஃபோர்ட் உட்பட அமெரிக்கர் பாவிக்கும் நான்கு தளங்களுக்கு மேலே ஆளறியாத ட்ரோன்கள் பறந்தன. அதற்குப் பிறகு கவனம் இன்னும் கூடியிருக்கிறது.

பொது இடத்தில் நின்று விமானத்தைப் பார்ப்பதும் படம் எடுப்பதும் அங்கே சாதாரண பொழுதுபோக்கு. அதே நேரம் 2023 ஆம் ஆண்டின் தேசியப் பாதுகாப்புச் சட்டத்தின்படி இது போன்ற தளங்கள் தடைசெய்யப்பட்ட இடங்கள். நாட்டின் பாதுகாப்புக்குக் கேடான நோக்கத்தோடு அவற்றை அண்டுவதும் படம் எடுப்பதும் பெரிய குற்றம், அனுமதியில்லாமல் உள்ளே கால் வைத்தால் அது தனிக் குற்றம். எனவே உங்கள் நோக்கம் பார்த்த மாத்திரத்தில் விளங்கும்படி நடந்துகொள்ளுங்கள். கமரா விமானத்தின் மேல் மட்டும் இருக்கட்டும். வாசல், காவலர், கட்டிடம், வேலி ஆகியவற்றைத் தனியாக எடுக்காதீர்கள். வேலியைத் தொடவோ அதில் ஏணி சாத்தவோ வேண்டாம். ட்ரோனை யாழ்ப்பாணத்திலேயே விட்டுவிட்டு வாருங்கள். விமானிகளின் பேச்சைக் கேட்கும் வானொலிக் கருவியும் வேண்டாம். பக்கத்தில் நிற்கும் ஆங்கிலேயர் சிலர் வைத்திருப்பார்கள், ஆனால் உங்களுக்கென்று சொல்லப்படாத செய்தியைக் கேட்பது அங்கே சட்டப்படி குற்றம். விசாவில் போன ஆளுக்கு அந்த ஆபத்து எதற்கு?

இரண்டாம் நாள் எனக்குப் பக்கத்தில் மடக்குக் கதிரையில் ஒரு வயதானவர் இருந்தார். வாகனம் திரும்பி எங்களை நோக்கி வந்ததும் என் கை தன்பாட்டில் கமராவைப் பைக்குள் வைத்து மூடிவிட்டது. எங்களில் எத்தனையோ பேரின் உடம்பு சீருடையைக் கண்டதும் இப்படித்தான் வேலை செய்யும். அவரோ கதிரையில் இருந்து எழும்பவே இல்லை, தேத்தண்ணீர்க் கோப்பையைத் தூக்கிக் 'குட் மோர்னிங்' என்றார். இறங்கிய பொலிஸ்காரர் அவரைக் கடந்து என்னிடம் வந்தார். ஏன் பையை மூடினீர்கள் என்பதுதான் அவருடைய முதல் கேள்வி. உள்ளதைச் சொன்னேன், கடவுச்சீட்டுப் பிரதியையும் கொப்பியையும் காட்டினேன், படங்களைத் தட்டிக் காட்டினேன். பெயரை எழுதிக்கொண்டார். ஐந்து நிமிடம் எடுத்தது. போகும்போது, இன்று காற்று சரியில்லை என்று சொல்லிவிட்டுப் போனார்.

எனவே வாகனத்தைக் கண்டால் நின்ற இடத்தில் நில்லுங்கள். பையை மூடாதீர்கள், நடந்து போகாதீர்கள், நீங்களே முதலில் வணக்கம் சொல்லுங்கள். கடவுச்சீட்டுப் பிரதி, மாமியின் முகவரி, திரும்பும் டிக்கெட் மூன்றும் சட்டைப்பையில் இருக்கட்டும். இடத்தை விட்டுப் போகச் சொன்னால் கேள்வி கேட்காமல் போய்விடுங்கள். படங்களை அன்றே, அங்கே நின்றபடியே முகநூலில் போடாதீர்கள். ஊருக்கு வந்து ஆறுதலாகப் போடலாம்.

8. அது வரும்போது

முதலில் தெரிவது விமானம் இல்லை. ஓடுபாதையின் தொடக்கத்தில் ஒரு கார் வந்து காத்து நிற்கும். அதைக் கண்டால் கமராவைக் கையில் எடுங்கள், யூ-2 வரப்போகிறது. காருக்குள் இருப்பவரும் ஒரு யூ-2 விமானிதான். விமானிக்கு அழுத்த உடையும் பெரிய தலைக்கவசமும் இருப்பதால் கீழே நிலத்தைச் சரியாகப் பார்க்கமுடியாது. விமானம் கடந்ததும் கார் பின்னால் மணிக்கு 160 கிலோமீட்டருக்கு மேல் பாய்ந்துகொண்டு, நிலத்துக்கு இன்னும் எத்தனை அடி என்று வானொலியில் சொல்லிக்கொண்டே வரும்.

நான்காம் நாள் பின்னேரம் ஐந்தே காலுக்குக் கிழக்கில் ஒரு மெல்லிய கோடு. கோடு இறக்கையாயிற்று. அதன் இரைச்சல் எனக்கு நினைவிருந்த எந்த இரைச்சலோடும் சேரவில்லை, தூரத்துக் காற்று மாதிரி இருந்தது. அது இறங்க மனமில்லாமல் நிலத்துக்கு மேலே மிதந்துகொண்டே போகும். இரண்டு அடி உயரத்தில் விமானி அதன் வேகத்தைச் சாகவிட்டுத்தான் நிலத்தில் வைக்கவேண்டும். சில்லுகள் சைக்கிள் மாதிரி முன்னுக்கும் பின்னுக்கும் ஒரே வரியில். ஏறும்போது இறக்கைக்குக் கீழே தாங்கிய துணைச் சில்லுகள் ஓடுபாதையிலேயே கழன்று விழுந்திருக்கும், எனவே இப்போது சமநிலையைப் பிடிக்க ஒன்றுமில்லை. வேகம் குறையக் குறைய இறக்கை இரண்டு பக்கமும் ஆடி, கடைசியில் இடது நுனி மெதுவாகச் சரிந்து நிலத்தில் தங்கியது. அந்த நுனியில் தேய்வதற்கென்றே உலோகத் தகடு வைத்திருக்கிறார்கள். ஆட்கள் ஓடிவந்து உயர்ந்து நின்ற பக்கத்து இறக்கையைப் பிடித்துத் தொங்கி நிமிர்த்தி, துணைச் சில்லைத் திரும்பப் பூட்டினார்கள். வால் செட்டையில் சிவப்பு எழுத்தில் 'பி பி' என்று இருந்தது. பீல் தளத்தின் அடையாளம் அது. நான் படம் எடுக்க மறந்து கொஞ்ச நேரம் சும்மா நின்றேன்.

நீங்கள் மறக்காமல் இருக்க, கமராவை முன்கூட்டியே இப்படி வையுங்கள். 400 மில்லிமீற்றர் லென்ஸ் போதும். வேகம் ஆயிரத்தில் ஒரு செக்கன். விமானம் முழுக்கக் கறுப்பு, பின்னால் வெளிறிய வானம். தானாக விட்டால் விமானம் வெறும் நிழலாக வரும், எனவே வெளிச்சத்தை ஒரு படி கூட்டி வையுங்கள். வெயில் நாளில் ஓடுபாதைக்கு மேலே கானல் ஆடும், தூரத்துப் படம் எல்லாம் கலங்கும். கிட்ட வரும்வரை பொறுத்திருந்து எடுங்கள்.

9. வரவே வராவிட்டால்

இது நடக்கக்கூடும் என்று நினைத்தே திட்டம் போடுங்கள். பிற உளவு விமானங்களை வேறு தளங்களில் பார்க்கலாம். சஃபோக்கில் உள்ள மில்டன்ஹாலில் அமெரிக்காவின் ஆர்சி-135, லிங்கன்ஷயரில் உள்ள வாடிங்டனில் பிரித்தானியாவின் ஆர்சி-135. இவை யூ-2 அளவு உயரத்துக்குப் போவதில்லை, ஆனால் பெரியவை, அடிக்கடி பறப்பவை. நின்று பார்க்கும் முறையும் சட்டமும் மேலே சொன்னதேதான்.

நிச்சயமாகப் பார்க்கக்கூடியது ஒன்று உண்டு. கேம்பிரிட்ஜுக்குக் கிட்ட டக்ஸ்ஃபோர்ட்டில் உள்ள இம்பீரியல் போர் அருங்காட்சியகம். அங்கே ஒரு பழைய யூ-2 இருக்கிறது. எஸ்ஆர்-71 பிளாக்பேர்ட் என்ற இன்னொரு பழைய அமெரிக்க உளவு விமானமும் இருக்கிறது. அமெரிக்காவுக்கு வெளியே காட்சிக்கு உள்ள ஒரே பிளாக்பேர்ட் அது, 1976 ஜூலை 28 அன்று 85,069 அடியில் மட்டமாகப் பறந்து உயரச் சாதனை வைத்ததும் அதே விமானம்தான். லண்டன் லிவர்பூல் ஸ்ட்ரீட்டில் ரயில் ஏறி விற்றில்ஸ்ஃபோர்ட் பார்க்வேயில் இறங்குங்கள், அங்கிருந்து டாக்சியில் சின்னத் தூரம். நுழைவுச்சீட்டை இணையத்தில் முன்கூட்டியே எடுத்துவிடுங்கள், முழு நாள் ஒதுக்குங்கள். ஆனால் அதைப் பயணத்தின் தொடக்கத்தில் வைக்காதீர்கள். தொடக்க நாட்கள் காற்றுக்கும் ஃபெயர்ஃபோர்ட்டுக்கும், கடைசி இரண்டு நாளில் ஒன்று டக்ஸ்ஃபோர்ட்டுக்கு. வேலியடியில் நின்றுகொண்டிருக்கும்போது யூ-2 நாளைக்கு ஏறும் போலத் தெரிந்தால் டக்ஸ்ஃபோர்ட் தேதியைத் தள்ளி வைக்கலாம்.